சற்றே ஏறிய பொட்டாசியம், பலாச்சுளை, உப்பு டப்பா: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் சின்ன கிளினிக்குக்கு, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கணவன் மனைவி இருவர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவருக்கு 61 வயது. முந்திரித் தோப்பும் நாலைந்து பலா மரமும் வைத்திருக்கும் விவசாயி. டாக்டர் எனக்கு எழுதி அனுப்பிய சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: ரத்தத்தில் பொட்டாசியம் 5.6, உணவு முறை பார்க்கவும்.

இப்படி ஒரு சீட்டு வாரத்துக்கு ஒன்றாவது என் மேஜைக்கு வருகிறது. உயிருக்கு உடனே ஆபத்து இல்லை, ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது என்கிற இரண்டுங்கெட்டான் அளவு இது. இந்த நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே பயந்துபோய், பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். இவரும் அப்படித்தான் வந்தார். அதனால்தான் இவர் கதையை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவரிடமும் வீட்டம்மாவிடமும் கேட்டு, சம்மதம் வாங்கியே எழுதுகிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

சர்க்கரை நோய் 14 வருடமாக, ரத்தக் கொதிப்பு 9 வருடமாக. கொதிப்புக்கு டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். எடை 68 கிலோ. ரத்த அழுத்தம் 138/84. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.6, அவர் வயதுக்குக் கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 49 அளவில் வரும். சிறுநீரகம் செயலிழந்துவிடவில்லை, வேகம் குறைந்திருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.9. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்படுத்தும் பைகார்பனேட் 21, சற்றே குறைவு.

அவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே மேடம், எதுக்கு இவ்ளோ பயமுறுத்துறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. பொட்டாசியம் கொஞ்சம் ஏறும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளே இருக்கிறது. வெளியே ரத்தத்தில் ஓடுவது மீதி இரண்டு பங்குதான். அந்த இரண்டு பங்கில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டம் பாதிக்கப்படும். 6.5-ஐத் தொட்டால் அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டிய அவசரம். அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்களிடம் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

என்னிடம் அனுப்புவதற்கு முன் டாக்டர் இரண்டு காரியம் செய்திருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார், மாற்றம் எதுவும் இல்லை. அப்புறம் ரத்தத்தை மறுபடி எடுக்கச் சொன்னார். கையில் பட்டையை இறுகக் கட்டி, நரம்பு தெரிவதற்காக விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னாலே பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டாம் முறை கையை இறுக்காமல் எடுத்தபோதும் 5.6-தான் வந்தது. ஆக, ஏற்றம் உண்மை. இந்த மறு பரிசோதனையைச் செய்யாமல் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்குவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருந்த பட்டியல்

ஒரு மாதத்துக்கு முன் வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்குப் பொட்டாசியம் 5.4. அங்கே ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"தவிர்க்க வேண்டியவை" என்று மேலே தலைப்பு. கீழே ஐம்பது அறுபது பெயர்கள். அவகேடோ இருந்தது, கிவி இருந்தது, ஆப்ரிகாட் இருந்தது, வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு, "பச்சைக் காய்கறிகள், கீரைகள்" எல்லாம் இருந்தன. எந்த நாட்டுப் பட்டியலையோ அப்படியே தமிழில் பெயர்த்திருந்தார்கள். இளநீர் இல்லை. முருங்கைக்கீரை என்று தனியாக இல்லை. பண்ருட்டிக்காரருக்குக் கொடுத்த தாளில் பலாப்பழமே இல்லை.

அவரோ தாளில் உள்ளதை ஒன்று விடாமல் கடைப்பிடித்திருக்கிறார். காய்கறி முழுவதையும் நிறுத்திவிட்டார். சாம்பாரில் தக்காளி போடக் கூடாது என்று வீட்டம்மாவிடம் சண்டை பிடித்திருக்கிறார். சோறு, ரசம், தயிர், பால், பிஸ்கட், இட்லி, தேங்காய்ச் சட்னி, இவ்வளவுதான் சாப்பாடு. வெயிலுக்கு இளநீர் குடித்தார். சாயங்காலம் பலாச்சுளை சாப்பிட்டார். தாளில் இல்லாததை ஏன் விட வேண்டும்? அவர் மேல் துளியும் தப்பில்லை.

ஒரு மாதம் இப்படி இருந்ததன் பலன் மூன்று. பொட்டாசியம் 5.4-லிருந்து 5.6 ஆனது. காய் இல்லாமல் சோறு கூடியதில் சர்க்கரை ஏறியது. மலச்சிக்கல் வந்தது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார். இந்த மூன்றாவதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. பொட்டாசியத்தில் நூற்றுக்கு 90 பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது, மீதி மலத்தோடு போகிறது. சிறுநீரகம் தளரத் தளரக் குடல் அந்த வேலையில் கூடுதல் பங்கு எடுத்துக்கொள்ளும். அந்த வழியையும் அடைத்துவிட்டால் பொட்டாசியம் எங்கே போகும்?

ஒரு நாள் சாப்பாடு

நான் யாரிடமும் "ஒரு கப், அரை கப்" என்று கேட்பதில்லை. அவரவர் வீட்டு டம்ளர், கரண்டி, கிண்ணத்தைக் கொண்டு வரச் சொல்வேன். போனில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டம்மா மஞ்சள் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் தயிர்க் கிண்ணமும் எடுத்து வந்திருந்தார். கூடவே நியூஸ் பேப்பரில் சுற்றிய அரைப் பலாப்பழம், அது எனக்கு. "தோப்புல பழுத்தது மேடம், வெறுங்கையோட எப்படி வர்றது?"

சரி, அதையே பாடமாக்கிக்கொள்ளலாம் என்று கிளினிக் சமையலறைத் தராசில் சுளையை வைத்தேன். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே சுளை எடுத்துக் கொடுத்தார். கொட்டை நீக்கிய சுளை ஒன்று 35 கிராம் இருந்தது. நல்ல செழிப்பான பழம். தினமும் சாயங்காலம் ஆறு சுளை சாப்பிடுகிறேன் என்றார். 210 கிராம். பலாப்பழத்தில் 100 கிராமுக்கு 450 மில்லிகிராம் பொட்டாசியம் என்று வைத்தால் ஆறு சுளையில் 950 ஆகிறது. ரகத்துக்கு ரகம் இது மாறும், ஆனால் கணக்குக்கு இது போதும்.

காலையில் ஒன்று, மதியத்துக்குப் பின் ஒன்று என்று பால் தூக்கலாக இரண்டு டம்ளர் காபி, அதில் 600. நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்து 350. பதினொரு மணிக்கு ஓர் இளநீர், அதில் 600. மதியம் சோறும் ரசமும் ஒரு பெரிய கிண்ணம் தயிரும் 550. ராத்திரி இரண்டு தோசை, படுக்கும்போது ஒரு டம்ளர் பால், 450. எல்லாம் தோராயக் கணக்குதான். கூட்டினால் 3,500 மில்லிகிராம் பக்கம் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது இவர் ஒன்றும் அளவு மீறிச் சாப்பிடவில்லை. இவர் வயதில் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஒருவர் இதே சாப்பாட்டைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பொட்டாசியம் கெட்ட பொருள் இல்லை. அதை வெளியேற்றும் வழிதான் இவருக்குக் குறுகியிருக்கிறது.

சாப்பாட்டுக்கு வெளியே தேடியபோது இன்னொன்று அகப்பட்டது. முழங்கால் வலிக்கு ஊர் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கி, இரண்டு மாதமாக வாரத்தில் நாலைந்து நாள் போட்டு வருகிறார். டாக்டரிடம் சொல்லவில்லை, "வலி மாத்திரைதானே" என்று விட்டிருக்கிறார். இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். டெல்மிசார்ட்டனும் வேறொரு வழியில் பொட்டாசியத்தைத் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்தச் சாப்பாட்டைக் குறைத்தும் பயன் குறைவே. உடனே டாக்டரிடம் பேசினேன். வலி மாத்திரையை நிறுத்தி, மேலே தடவும் மருந்தும் முழங்கால் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் கொடுத்தார். டெல்மிசார்ட்டனை மட்டும் நிறுத்த மறுத்தார்.

அதை நிறுத்தினால் எண் சட்டென்று இறங்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரையால் சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகிற மருந்துகளில் அது ஒன்று. ரிப்போர்ட்டில் ஓர் எண்ணை அழகாக்க, பத்து வருடம் கழித்து வேண்டிய சிறுநீரகத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அந்த மாத்திரையை அவர் தொடர்ந்து சாப்பிட முடிய வேண்டும். அதற்காகத்தான் என்னிடம் அனுப்பினார். இந்த நோயாளியைப் பொறுத்தவரை உணவு முறையின் வேலை அதுதான்.

முதல் பத்து நாள்

இளநீர் வேண்டாம் என்றேன். பலாச்சுளை ஆறிலிருந்து இரண்டு, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. முழுதாக விடச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இரண்டு சுளை கிடைத்ததே பெரிதாக இருந்தது. தான் வைத்து வளர்த்த மரத்துப் பழத்தை அந்த வருடம் வாயில் வைக்கவே கூடாது என்று ஒரு விவசாயியிடம் சொல்வது எனக்கு இஷ்டமில்லை. இரண்டு சுளைக்கு 310 மில்லிகிராம். அதை வேறு இடத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். படுக்கும்போது குடித்த பாலை நிறுத்தினோம், காபியில் பாலைப் பாதியாக்கினோம், தயிரை மோராக்கினோம்.

முந்திரியைப் பற்றி அவரே கேட்டார். யாரோ அவரைக் கடுமையாகப் பயமுறுத்தியிருந்தார்கள். பத்து முந்திரிப் பருப்பு 15 கிராம் வரும், அதில் 100 மில்லிகிராம் பொட்டாசியம். பாயசத்தில் விழும் நாலு பருப்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. நான் 5.1 எதிர்பார்த்தேன். 5.4 வந்தது.

உப்பு டப்பா

இளநீர், பலா, பால் எல்லாம் குறைந்திருக்கிறது, வலி மாத்திரை நின்றிருக்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை வயிறு சரியாகப் போகிறது. அப்படியும் 0.2-தான் இறங்கியிருக்கிறது. எங்கோ கணக்குத் தப்புகிறது. முதல் நாள் எழுதிய குறிப்பைத் திரும்ப எடுத்தேன். உப்பு என்ற இடத்தில் "வழக்கம்" என்று நானே எழுதியிருந்தேன். என்ன உப்பு என்று கேட்கவில்லை.

கேட்டேன். வீட்டம்மா சொன்னார்: "கொதிப்புக்கு இது நல்லதுன்னு பையன் சென்னையிலேருந்து வாங்கியாந்து குடுத்தான் மேடம். ரெண்டு மாசமா அதுதான். வெல கூட அதிகம்." சோடியம் குறைத்த உப்பு. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு, நூற்றுக்கு 30 பங்கு.

அவர்கள் வீட்டில் நாலு பேர். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதம் வருகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு. அதில் இரண்டரை கிராம் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் பொட்டாசியம். ஆக, ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம். ஆறு பலாச்சுளையை விட அதிகம், இரண்டு இளநீருக்குச் சமம். நான் கண்டுபிடித்துப் பெருமைப்பட்ட எதையும் விட இது பெரிய கணக்கு. தவிர, இது கிட்டத்தட்ட முழுக்க உடம்பில் சேரும். காய்கறியில் உள்ள பொட்டாசியம் அப்படி இல்லை; நாரோடும் செல் சுவரோடும் கட்டுண்டிருப்பதால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ரத்தத்துக்குப் போகிறது. உப்பாகக் கரைத்துக் கொடுத்தால் தடுக்க எதுவும் இல்லை.

மகன் செய்தது அன்பான காரியம், தவறான காரியமும் இல்லை. சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பெரியவர்கள் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் பரிந்துரை வெளியிட்டிருக்கிறது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் அதே பரிந்துரை, சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று தனியே விலக்கு வைக்கிறது. அந்த விலக்கு வீடு வரைக்கும் வந்து சேரவில்லை. சேர்க்க வேண்டிய இடத்தில் இருந்த நானும் பத்து நாள் தாமதித்தேன். அந்தப் பத்து நாள் என்னை இன்னும் உறுத்துகிறது.

அன்றே பழைய கல்லுப்புக்குத் திரும்பச் சொன்னேன். கல்லுப்பு சோடியம் என்பதால் கை தாராளமாகக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று வைத்து, நாலு பேருக்கு 20 கிராமைத் தராசில் நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினேன். காலையில் அந்த டப்பாவை நிரப்பிக்கொள்ள வேண்டும், ராத்திரிக்குள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஊறுகாய், அப்பளம் வீட்டில் உண்டென்றால் அன்றைக்கு டப்பாவில் கொஞ்சம் குறைய வேண்டும். வீட்டம்மாவுக்கு இந்த முறை பிடித்துப் போனது.

"அப்ப இந்துப்பு போடலாமா?" என்றும் கேட்டார். நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். இந்துப்பும் அடிப்படையில் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் அதில் மிகச் சொற்பம். பொட்டாசியத்துக்காக அதற்குப் பயப்பட வேண்டாம். உப்பு இல்லாத உப்பு என்று நினைத்து அள்ளிப் போடவும் வேண்டாம்.

காய்கறியைத் திரும்பக் கொண்டு வந்தது

இந்த நோயாளியிடம் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது எதையும் நிறுத்தச் சொல்வது இல்லை. நிறுத்தியதைத் திரும்பச் சாப்பிட வைப்பதுதான். ஒரு தாள் ஊட்டிய பயத்தைப் போக்கப் பல வாரம் பிடித்தது.

புடலை, பீர்க்கு, சுரை, சௌசௌ, கோஸ், வெள்ளரி, இவற்றை மதியமும் ராத்திரியும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னேன். எல்லாம் பண்ருட்டிச் சந்தையிலேயே கிடைப்பவை, நார் உள்ளவை, பொட்டாசியம் ஒப்பீட்டில் குறைந்தவை. சர்க்கரைக்கும் மலச்சிக்கலுக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், வாழைக்காய், கீரை ஆகியவற்றை வேகவைத்து வடித்துச் சமைக்கச் சொன்னேன்.

வடிக்கிற விஷயத்தில் ஒரு தப்பு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நறுக்கிய காயைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டால் பொட்டாசியம் இறங்கிவிடும் என்கிறார்கள். உருளைக்கிழங்கில் அது பெரிதாகப் பலிப்பதில்லை. சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் பாதியாவது இறங்கும். எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு இறங்கும். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதோடு குழம்பாக்கினால் இறங்கிய பொட்டாசியம் அப்படியே குழம்பில் இருக்கும்.

இதைச் சொன்னபோது வீட்டம்மா அதிர்ந்துபோனார். "கீரை வேகவெச்ச தண்ணிய கீழ ஊத்துறதா? அதுலதான சத்தே இருக்குது!" முருங்கைக்கீரை வெந்த தண்ணீரில் மிளகு சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைத்து, அதைத்தான் அவருக்குத் தினமும் கொடுத்து வந்திருக்கிறார். கீரையைத்தான் தாளில் தடுத்திருந்தார்கள், கீரைத் தண்ணீரை இல்லையே. முதல் நாள் சாப்பாட்டுக் கணக்கில் "ரசம்" என்று அவர் சொன்னதை நான் புளி ரசம் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதும் ஒரு வகையில் உண்மை. சத்து அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் அந்த ரசம் நல்லது, அவர்களுக்குத் தொடரட்டும் என்றேன். அவருக்கு மட்டும் வடித்த கீரைப் பொரியல், வாரம் ஒருமுறை, ஒரு கரண்டி.

அப்போதிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள் என்று எல்லோரிடமும் தனியாகக் கேட்கிறேன். வடலூர் பக்கத்து வீடுகளில் கரிசலாங்கண்ணித் தூளைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. வேறு வீடுகளில் வாழைத்தண்டுச் சாறு, அருகம்புல் சாறு. யாரும் இதையெல்லாம் சாப்பாடு என்று கணக்கில் சொல்வதில்லை.

பலாக்கொட்டை ஒரு சின்னப் போராட்டம். எங்கள் பக்கம் சீசனில் கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டை போடாமல் இருக்க மாட்டார்கள். கொட்டையைத் தோல் நீக்கி நாலாக நறுக்கி, தனியாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் குழம்பில் போடச் சொன்னேன். கருவாட்டையும் வெந்நீரில் இரண்டு முறை அலச வேண்டும், அது உப்புக்காக. ருசி கொஞ்சம் குறைகிறது என்றார். குறையத்தான் செய்யும். அந்த உண்மையை மறைத்துச் சொன்னால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வருவதுபோல் இருந்தால் அவர் ஆரஞ்சு ஜூஸோ இளநீரோ குடிப்பது வழக்கம். அதை மாற்றி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னேன். வெல்லம் வேண்டாம், வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை, வெல்லத்தில் நிறைய இருக்கிறது.

எண்கள்

உப்பை மாற்றிப் பதினைந்து நாளில், ஜூன் முதல் வாரத்தில் பொட்டாசியம் 5.0. ஜூலையில் 4.8. ஆகஸ்டில் 4.9, கிரியாட்டினின் 1.5, மூன்று மாதச் சர்க்கரை 7.2. ரத்த அழுத்தம் 132/80. டெல்மிசார்ட்டன் அதே 40-இல் தொடர்கிறது. தினமும் காலையில் வயிறு சரியாகப் போகிறது; அவருக்கு இந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய நிம்மதி. இப்போதைய சாப்பாட்டைத் திரும்பக் கணக்குப் போட்டதில் பொட்டாசியம் நாளைக்கு 2,500 மில்லிகிராம் பக்கம் வருகிறது. காய்கறி முன்னைவிட மிக அதிகம்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றியபோது கேட்டுக்கொண்டுதான் குடித்தார். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கூட முருங்கைக்கீரைக்குப் பதில் வெங்காயம். அடுத்த வாரம் எடுத்த ரத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

இது ஒரே ஒருவரின் கதை. பலவற்றை ஒன்றாக மாற்றியிருக்கிறோம். உப்பை மாற்றியதும் 5.4-லிருந்து 5.0-க்கு இறங்கியது என்பது உண்மை. அதே பதினைந்து நாளில் வலி மாத்திரையின் பாதிப்பும் உடம்பை விட்டு விலகியிருக்கும், குடலும் சீராகியிருக்கும், கீரைத் தண்ணீர் ரசமும் நின்றது. எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. உப்பே முழுக் காரணம் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

ஆனால் வரிசையைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். பொட்டாசியம் சற்றே ஏறியவரிடம் முதலில் ரத்தம் சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மாத்திரைகள், டாக்டர் எழுதியதும் தானாக வாங்கியதும். அப்புறம் உப்பு, பாக்கெட்டில் அடைத்து வரும் பண்டங்கள், சாறுகள், வயிறு போவது, சர்க்கரைக் கட்டுப்பாடு. முழுக் காய்கறியும் பழமும் இதற்கெல்லாம் பின்னால்தான் வர வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. முதல் நாளே காய்கறியைப் பிடுங்கிவிடுகிறோம். இப்போது சிறுநீரக உணவு பற்றிய சர்வதேச வழிகாட்டுதல்களே எல்லோருக்கும் ஒரே அளவு என்று எண் வைப்பதை விட்டு, அவரவர் ரத்த அளவைப் பார்த்து உணவைத் திருத்தச் சொல்கின்றன. டயாலிசிஸில் இருப்பவருக்கும், பொட்டாசியம் 6-க்கு மேல் போனவருக்கும் கட்டுப்பாடு வேறு, கண்டிப்பானது. இங்கே எழுதியதை அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள எவரும் தன் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

இரண்டாம் முறை வந்தபோது வீட்டம்மாவுக்கு ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்களை எழுதிக் கொடுத்தேன்: 508, 340, 501. பாக்கெட்டுகளில் ஐ.என்.எஸ். என்று போட்டு வரும் சேர்ப்பான் எண்கள் இவை. பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் கார்பனேட். படிப்பு ஐந்தாம் வகுப்புதான், ஆனால் எண் படிக்கத் தெரிந்தால் போதுமே.

பொங்கலுக்குப் பேரப் பிள்ளைகள் வந்திருந்த சமயம் வீட்டம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பிள்ளைகள் வாங்கி வந்த நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம். பொடி எழுத்துகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் நீலப் பேனாவால் சுழித்திருந்தார். கீழே குரல் பதிவு: "மேடம், இதுல ரெண்டு நம்பர் இருக்குது. பசங்க சாப்பிடட்டும், அவருக்குக் குடுக்கல. சரிதானே?"